திண்டிவனம் மக்களவைத் தொகுதி: 1952 முதல் 2009 வரை

(பெருமுக்கலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

திண்டிவனம் என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி முதல் பொதுத்தேர்தல் முதல் பதினான்காவது மக்களவை வரை இருந்தது. 1952-இல் தொடங்கி 2004 வரை பதினான்கு பொதுத்தேர்தல்களில் அது உறுப்பினர்களைத் தில்லிக்கு அனுப்பியது. 2008 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பு ஆணை அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2009 மே மாதம் பதினான்காவது மக்களவை கலைந்தபோது தொகுதியும் முடிந்தது. ஊர் அங்கேயே இருக்கிறது, வாக்காளர்களும் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களைச் சுற்றி வரைந்த கோடு மட்டும் மாறியது. அந்தக் கோடு யாரைத் தில்லிக்கு அனுப்ப விட்டது, யாருக்கு வழி அடைத்தது என்பதுதான் இந்தத் தொகுதியின் வரலாறு.

இந்த நிலப்பகுதிக்கு எல்லைகள் புதியவை அல்ல. சங்க காலத்தில் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு இதுவே. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. சோழர் கல்வெட்டுகளிலும் ஓய்மா நாடு என்ற பெயர் தொடர்ந்து வருகிறது. புளியமரக் காடு என்ற பொருளில் திந்திரிணிவனம் என்று வழங்கியது திண்டிவனம் ஆயிற்று. அங்கிருந்து மரக்காணம் போகும் சாலையில், சமவெளியில் தனித்து எழும் பாறைமலை பெருமுக்கல். மலைமேல் சிவன் கோயிலும் கோட்டையின் எச்சமும் உள்ளன. ஆங்கிலேயர் ஆவணங்கள் இதைப் ‘பெர்மகோயில்’ என்று எழுதின. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் வென்ற கர்னல் அயர் கூட், புதுச்சேரியை நெருங்கும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு இந்தப் பகுதி மக்களிடம் யாரும் ஆட்சியைப் பற்றிக் கருத்துக் கேட்கவில்லை. தென்னார்க்காடு மாவட்டம், திண்டிவனம் வட்டம் என்ற வருவாய் எல்லைகள் வரி தண்டுவதற்காகப் போடப்பட்டவை. வாக்குச் சீட்டு வந்தபோது அதே எல்லைகளே அதற்கும் அடிக்கோடாயின.

1919 சட்டத்தின் கீழ் 1920-இல் நடந்த தேர்தலே வாக்குரிமையை முதன்முதலாக ஓரளவு பரப்பியது. அப்போதும் நிலவரியோ சொத்து வரியோ கட்டியவர்தான் வாக்காளர். உழுத கூலியாளும், காலனியில் வாழ்ந்த ஆதிதிராவிடரும், பெண்களில் மிகப் பெரும்பாலோரும் பட்டியலுக்கு வெளியே இருந்தனர். தில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குத் தென்னார்க்காடும் செங்கல்பட்டும் சேர்ந்து ஒரே கிராமப்புறத் தொகுதி. முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான அ. சுப்பராயலு ரெட்டியார் தென்னார்க்காட்டுக்காரர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை மாகாணப் பிரதமராக இருந்தார். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன்களைக் கையகப்படுத்தும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை அவருடைய ஆட்சிக் காலத்தவை. ஆனால் அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தது வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் அல்ல. அத்தகைய தேர்தல் இந்த மண்ணில் நடப்பதற்கு 1952 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த முதல் தேர்தல் விரிவாகச் சொல்ல வேண்டியது. முதல் மக்களவையின் 489 இடங்களுக்கு 401 தொகுதிகளே இருந்தன. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை 314 தொகுதிகளில் மட்டும் இருந்தது. 86 தொகுதிகள் இரண்டு உறுப்பினர்களையும், வங்காளத்தில் ஒரு தொகுதி மூன்று உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தன. திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, மற்றொன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தனித்தொகுதி என்று ஒரு நிலப்பரப்பை முழுதாகப் பிரித்து ஒதுக்குவதற்குப் பதில், ஒரே நிலப்பரப்பிலிருந்து இருவரை அனுப்பும் ஏற்பாடு அது.

வாக்களிக்கும் முறையும் இன்றைக்குப் பழக்கமில்லாதது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் சீட்டில் முத்திரை குத்த வேண்டியதில்லை. மறைவிடத்துக்குள் சென்று, தான் விரும்பியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். இரட்டைத் தொகுதியில் ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது, அப்படிப் போட்டால் ஒன்று செல்லாது. எண்ணும்போது, பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம் போகும். பிறகு எஞ்சிய எல்லோரிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம். ஊர்த்தெருக்காரரும் காலனிக்காரரும் இருவருக்கும் சேர்த்தே வாக்களித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதோர் பெரும்பான்மையாக இருந்த ஒரு நாட்டில் சின்னமும் பெட்டியும் இந்தச் சிக்கலான கணக்கைத் தாங்கி நின்றன என்பது சிறிய சாதனை அல்ல.

திண்டிவனத்தின் அன்றைய முடிவு காங்கிரசுக்கு அதிர்ச்சியாக அமைந்தது. விடுதலை வாங்கித் தந்த கட்சி, ஓமந்தூராரைத் தந்த பகுதியிலேயே இரண்டு இடங்களையும் இழந்தது. வென்றவர்கள் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் வி. முனுசாமியும் அ. ஜெயராமனும். உழைப்பாளர் கட்சியைத் தொடங்கியவர் கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார். வட மாவட்டங்களின் வன்னியர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள், நிலத்தில் உழைப்பவர்கள். ஆனால் காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலிலும் அரசுப் பணியிலும் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவர்களிடையே வளர்ந்திருந்தது. தென்னார்க்காட்டில் அந்தக் குறையைத் திரட்டியது உழைப்பாளர் கட்சி. வடார்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி அதே வேலையைச் செய்தது. மக்களவையில் உழைப்பாளர் கட்சிக்கு நான்கு இடங்கள், காமன்வீல் கட்சிக்கு மூன்று. சென்னைச் சட்டமன்றத்தில் முறையே 19, 6. 375 பேர் கொண்ட அந்த அவையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே என்பதால் இந்த எண்கள் எடை மிக்கவை. காமன்வீல் கட்சி ராஜாஜி அமைச்சரவையை ஆதரித்தது, மாணிக்கவேலர் அமைச்சரானார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

ஒரு வட்டாரக் கட்சி இரண்டே ஆண்டுகளில் மறைந்ததைத் தோல்வி என்று எழுதிவிடுவது வழக்கம். அது முழு உண்மை ஆகாது. வட தமிழகத்தில் சாதியும் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்து அரசியல் கோரிக்கையாக மாறியது 1952-இல்தான். பின்னாளில் இதே மண்ணில் எழுந்த இயக்கங்களுக்கு அது முன்னோடி. ஒரு பொது உறுப்பினரும் ஒரு பட்டியல் சாதி உறுப்பினரும் ஒரே கட்சியின் சார்பில், ஒரே வாக்காளர்களிடம் வாக்குக் கேட்டு ஒன்றாக வென்றதும் அந்தத் தேர்தலில்தான். படையாட்சியார் கட்சிக்குக் காலனியிலிருந்தும், ஆதிதிராவிட வேட்பாளருக்கு ஊர்த்தெருவிலிருந்தும் வாக்கு விழுந்தால்தான் அந்த இரட்டை வெற்றி எளிதாகும். அடுத்த பல பத்தாண்டுகளில் இரு தரப்பாருக்கும் இடையே இந்த வட்டாரம் கண்ட மோதல்களை அறிந்தவர்களுக்கு 1952-இன் இந்தச் சிறு பக்கம் மதிப்புள்ளது.

இரட்டைத் தொகுதி முறை நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதற்கு முடிவு கட்டிய வழக்கு ஆந்திரத்தில் எழுந்தது. 1957-இல் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் ஓர் இடம் பழங்குடியினருக்கு உரியது. எண்ணிப் பார்த்தபோது முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்களே வந்தனர். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும் மற்றவரான திப்பல சூரி தோரா பொது இடத்தையும் பெற்றனர். தோற்றவர் வி.வி. கிரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஒதுக்கீட்டுச் சமூகத்தைச் சேர்ந்தவர் பொது இடத்துக்கும் தகுதி உள்ளவரே என்று 1959-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் பொது இடம் கைவிட்டுப் போகலாம் என்ற அச்சம் கட்சிகளிடையே பரவியது. தொகுதி மிகப் பெரிதாக இருக்கிறது, செலவு கட்டுப்படியாகவில்லை என்ற முறையீடுகளும் சேர்ந்தன. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதன்பின் ஒரு நிலப்பரப்பு முழுதும் பொதுவாக இருக்கும், அல்லது முழுதும் தனியாக இருக்கும். நடுவழி போயிற்று. திண்டிவனம் பொதுத்தொகுதியாக நின்றது. 1962 முதல் 2004 வரை பன்னிரண்டு பொதுத்தேர்தல்களில் பட்டியல் சாதியினர் யாரும் இங்கிருந்து மக்களவைக்குச் செல்லவில்லை. அவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்த தொகுதி இது.

1957-இல் சுயேச்சையாக நின்ற என்.பி. சண்முகக் கவுண்டர் வென்றார். ஆக, முதல் இரண்டு தேர்தல்களிலும் காங்கிரஸ் திண்டிவனத்தைப் பிடிக்கவில்லை. 1962-இல்தான் ஆர். வெங்கடசுப்பா ரெட்டியார் அதைக் காங்கிரசுக்குப் பெற்றுத் தந்தார். அந்தத் தேர்தல் வரை சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967-இல் அது 39 ஆகக் குறைந்து இன்று வரை அப்படியே நிற்கிறது. 1967-இல் தி.மு.க. தான் போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. அந்த அலையில் திண்டிவனத்தில் டி.டி.ஆர். நாயுடு வெற்றி பெற்றார்.

இதற்குப் பின் வந்த காலத்தில் தொகுதியின் முடிவைக் கூட்டணியே பெரும்பாலும் தீர்மானித்தது. 1971-இல் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் செய்துகொண்ட உடன்பாடு இதற்கு நல்ல சான்று. சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை, மக்களவையில் ஒன்பது இடங்கள் என்பது ஏற்பாடு. ஒன்பதிலும் அது வென்றது. அவற்றில் ஒன்று திண்டிவனம். வென்றவர் எம்.ஆர். லட்சுமிநாராயணன். 1977-இல் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது. அதே லட்சுமிநாராயணன் மீண்டும் வென்றார். 1980-இல் காங்கிரஸ் மறுபடி தி.மு.க. பக்கம் வந்தது, அப்போதும் தொகுதி காங்கிரசுக்கே. 1984-இல் அ.தி.மு.க. பக்கம், முடிவு அதேதான். தோழமைக் கட்சி மூன்று முறை மாறியும் தொகுதி கைமாறவில்லை. காங்கிரசின் சொந்த வாக்கு வங்கியோடு, எந்தத் திராவிடக் கட்சி எந்த ஆண்டு மேலோங்கி நிற்கும் என்பதும் அதன் கணக்கில் இருந்தது.

1980, 1984 ஆகிய இரு தேர்தல்களிலும் வென்றவர் பழைய எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரே. 1952-இல் காங்கிரசை இங்கு வீழ்த்திய கட்சியின் நிறுவனர், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் காங்கிரஸ் வேட்பாளராக அதே தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1918-இல் பிறந்த அவர் 1992-இல் காலமானார். அடுத்த ஆண்டு, 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டத்துக்கு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர் சூட்டினர். 1997-இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபோது அவருடைய பெயரும் போயிற்று.

அவருடைய இறுதிக் காலத்திலேயே வன்னியர் அரசியலின் தலைமை வேறு கைக்குப் போயிருந்தது. திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்த டாக்டர் ச. ராமதாஸ் 1980-இல் வன்னியர் சங்கத்தை உருவாக்கினார். இட ஒதுக்கீடு கேட்டு 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் வட மாவட்டங்கள் நிலைகுத்தின. துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் சங்கத்தினர் 21 பேர் இறந்தனர். அதே நாட்களில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு முழுமையாகாது. 1989-இல் தி.மு.க. அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு அளித்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று பாட்டாளி மக்கள் கட்சி தோன்றியது.

1989 நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தல் இன்னொரு வகையிலும் புதியது. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தபின் நடந்த முதல் மக்களவைத் தேர்தல் அதுவே. திண்டிவனத்தில் வென்றவர் காங்கிரசின் ஆர். ராமதாஸ். பெயர் ஒற்றுமையால் பலரும் குழம்புவதுண்டு. இவர் வேறு, பா.ம.க. நிறுவனர் வேறு. நிறுவனர் தாம் எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை என்று அறிவித்து அதன்படியே இருந்தவர். 1991-இல் காங்கிரசின் கே. ராமமூர்த்தி வென்றார். 1971 முதல் 1991 வரை ஆறு தேர்தல்கள் தொடர்ந்து காங்கிரசுக்குப் போன தொகுதி இது. 1996-இல் தி.மு.க.வும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் சேர்ந்த அணி 39 இடங்களையும் பெற்றபோது அந்தத் தொடர் அறுந்தது. தி.மு.க.வின் டி.ஜி. வெங்கட்ராமன் வென்று, தேவ கௌடா, குஜ்ரால் அமைச்சரவைகளில் தரைவழிப் போக்குவரத்துத் துறைக்கு அமைச்சரானார்.

1998-இலும் 1999-இலும் வென்ற செஞ்சி ந. ராமச்சந்திரன் தி.மு.க.வில் வளர்ந்தவர். செஞ்சியின் சட்டமன்ற உறுப்பினராக நீண்ட காலம் இருந்தவர், வைகோ வெளியேறியபோது அவரோடு ம.தி.மு.க.வுக்குச் சென்றார். 1998-இல் அந்தக் கட்சி வென்றவை மூன்றே இடங்கள், அவற்றில் ஒன்று திண்டிவனம். அப்போது அது அ.தி.மு.க. – பா.ஜ.க. அணியில் இருந்தது. ஓராண்டு கழித்து தி.மு.க. – பா.ஜ.க. அணிக்கு மாறியபின்னும் வெற்றி கிடைத்தது. 1971-க்கும் 1984-க்கும் இடையே கண்ட அதே போக்கு இங்கும் தெரிகிறது. வாஜ்பாய் அரசில் ராமச்சந்திரன் இணையமைச்சராக இருந்தார். 1996-இலும் 1999-இலும் அமைந்த மக்களவைகளில் திண்டிவனம் உறுப்பினர் மத்திய அமைச்சரவையில் இருந்தது, மாநிலத்தின் மிகப் பின்தங்கிய வட்டாரங்களில் ஒன்றான இதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு.

2004-இல் ராமச்சந்திரன் பக்கத்துத் தொகுதியான வந்தவாசிக்குப் போனார். திண்டிவனம் பா.ம.க.வுக்கு ஒதுக்கப்பட்டது. கே. தன்ராஜ் வென்றார். அந்த அணி தமிழகத்தின் 39 இடங்களையும் புதுச்சேரியையும் வென்றது. பா.ம.க. பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதன் பிறப்பிடமான தொகுதி அதன் கைக்கு வந்தது. ஆனால் அது அந்தத் தொகுதியின் கடைசித் தேர்தலாக முடிந்தது. 1952-இல் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டுப் போட்டுத் தொடங்கிய திண்டிவனம், நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடந்த முதல் மக்களவைத் தேர்தலோடு நிறைவுற்றது.

தொகுதி ஏன் எடுக்கப்பட்டது என்பதை அறிய, இடங்களின் எண்ணிக்கை உறைந்து நின்ற கதையைப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியும் ஒவ்வொரு முறையும் தொகுதிகளைத் திருத்தி வரைய வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏற்பாடு. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் அதை 2001 வரை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் இடம் இழக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2001-இல் 84-ஆவது திருத்தம், மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை மாற்றாமல் வைத்தது. மாநிலத்துக்கு உள்ளே எல்லைகளை மட்டும் திருத்தலாம் என்றது. 2003-இல் 87-ஆவது திருத்தம் அதற்கு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வேலையை முடித்தது. தமிழகத்துக்கு 39 மக்களவை, 234 சட்டமன்றத் தொகுதிகள் என்பதில் மாற்றமில்லை. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்ற கணக்கும் அப்படியே. ஆனால் 1970-களின் மக்கள்தொகைக்காக வரைந்த எல்லைகள் முப்பது ஆண்டுகளில் பொருந்தாமல் போயிருந்தன. சென்னையைச் சுற்றிய தொகுதிகள் வீங்கியிருந்தன, உள்மாவட்டங்களில் பல இளைத்திருந்தன. எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியதில் திண்டிவனத்தோடு வந்தவாசி, செங்கல்பட்டு, ராசிபுரம், புதுக்கோட்டை, பழனி, சிவகாசி, நாகர்கோவில் போன்ற பெயர்களும் மக்களவைப் பட்டியலிலிருந்து நீங்கின. விழுப்புரம், ஆரணி, திருவண்ணாமலை, நாமக்கல், தேனி, கன்னியாகுமரி போன்றவை வந்தன. மாவட்டத் தலைநகரின் பெயரைத் தொகுதிக்கு வைக்கும் சாய்வு இதில் தெரிகிறது. 1993-இல் விழுப்புரம் தலைநகரான நாளிலேயே திண்டிவனத்தின் பெயர் தேயத் தொடங்கியது எனலாம்.

தனித்தொகுதிகளும் இடம் மாறின. பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும், அவர்களின் மக்கள்தொகை விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள இடத்தில் அமைய வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டம் சொல்கிறது. 2008 வரை தமிழகத்தின் ஏழு தனித்தொகுதிகள் திருப்பெரும்புதூர், சிதம்பரம், ராசிபுரம், பெரம்பலூர், நாகப்பட்டினம், பொள்ளாச்சி, தென்காசி. அதன்பின் சிதம்பரம், நாகப்பட்டினம், தென்காசி மூன்றும் தொடர, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், நீலகிரி நான்கும் புதிதாகச் சேர்ந்தன. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய ஆறும் அடங்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதியாயிற்று. திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் முதன்முறையாகத் தனித்தொகுதியாயிற்று. கண்டமங்கலம், முகையூர், மேல்மலையனூர் என்ற சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. மயிலம் புதிதாக வந்து, செஞ்சியோடு சேர்ந்து ஆரணி மக்களவைத் தொகுதிக்குள் போயிற்று. திண்டிவனத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள மயிலம் மலைக்காரர்களுக்கு ஓர் எம்.பி., திண்டிவனத்துக்காரர்களுக்கு வேறோர் எம்.பி.

ஊர்ப் பெயரோடு பிரதிநிதித்துவம் பிணைந்து, பிறகு அறுபடுவது இங்கு மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1536-இல் வேல்ஸ் ஆங்கில நாடாளுமன்றத்தோடு இணைக்கப்பட்டபோது, ஒரு மாவட்டத்தின் சிறு நகரங்கள் பல சேர்ந்து ஓர் உறுப்பினரை அனுப்பும் முறை வந்தது. கேர்னார்வன் நகரங்கள் என்ற தொகுதி அப்படிப்பட்டது. கேர்னார்வன், பாங்கர், கான்வி, கிரிக்கியத், நெவின், புல்ஹெலி ஆகிய ஆறு ஊர்கள், இடையே உள்ள கிராமங்களை விட்டுவிட்டு, ஒரே தொகுதியாக இருந்தன. லாயிட் ஜார்ஜ் 1890 முதல் 1945 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் அதன் உறுப்பினர். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரதமரானதும் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தபோதுதான். வாக்குரிமை விரிந்து, தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பட்டபோது இத்தகைய நகரத் தொகுதிகள் பல 1918-இல் ஒழிந்தன. கேர்னார்வன் 1950 வரை தாக்குப்பிடித்தது. அங்கே பிரதிநிதித்துவம் நகரின் பழைய சாசன உரிமையாகத் தொடங்கி, பின்னர்தான் தலைக்கணக்காக மாறியது. இந்தியாவில் தொடக்கத்திலிருந்தே அது தலைக்கணக்கு. எந்த ஊரும் தன் பெயரில் தொகுதி வேண்டும் என்று சட்டப்படி உரிமை கொண்டாட முடியாது. மக்களவை இடம் திண்டிவனத்தின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை, அந்த வட்டாரத்தின் மக்களைக் கூட்டி எண்ணிய தொகைக்கு இட்ட பெயர் அது.

புதிய விழுப்புரம் தொகுதியின் முதல் தேர்தல் 2009-இல் நடந்தது. அ.தி.மு.க.வின் எம். ஆனந்தன் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளர் சுவாமிதுரையை 3,000-க்கும் குறைந்த வாக்குகளில் வென்றார். 2014-இல் அ.தி.மு.க.வின் எஸ். ராஜேந்திரன் வென்றார். 2019 பிப்ரவரியில் திண்டிவனம் அருகே நடந்த சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் எழுத்தாளரும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் பொதுச்செயலாளருமான து. ரவிக்குமார் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். 2024-இல் அவரே தம் கட்சியின் பானைச் சின்னத்தில் மீண்டும் வென்றார். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், ஒரே மக்களவைத் தொகுதி இப்போது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சியில், திண்டிவனம் விழுப்புரத்தில்.

1952-இல் இரட்டைத் தொகுதியாக இருந்தபோது அ. ஜெயராமனைத் தில்லிக்கு அனுப்பிய இந்த நிலம், அடுத்து ஒரு பட்டியல் சாதி உறுப்பினரை அனுப்பியது 2009-இல், வேறொரு தொகுதிப் பெயரின் கீழ். பெருமுக்கல் மலையடிவாரத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை இந்த மாற்றத்தின் மூன்று கட்டங்களிலும் வாக்களித்திருக்கும். பாட்டி இரண்டு சீட்டை இரண்டு பெட்டியில் போட்டவர். மகன் திண்டிவனம் பொதுத்தொகுதியில் முத்திரை குத்தியவர். பேத்தி விழுப்புரம் தனித்தொகுதியில் பொத்தானை அழுத்துகிறவர். திண்டிவனம் என்ற பெயர் இன்று சட்டமன்றத் தொகுதியாக மட்டும் வாக்காளர் பட்டியலில் நிற்கிறது. 2026-க்குப் பிந்தைய கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்த மறுசீரமைப்பு வரும்போது, அந்த எல்லையும் மறுபடி வரைபடத்தின்மேல் வைக்கப்படும்.